விழுந்தால் எத்தனை மார்க்?

2016 ஆகஸ்ட் 14, ரியோ ஒலிம்பிக்ஸ். தீபா கர்மாகரின் இரண்டாவது வால்ட். ஓடி வந்து, மேசையில் கை ஊன்றி எழும்பி, காற்றில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். ப்ரோடுனோவா என்று பேர். இறங்கும்போது பின்புறம் மெத்தையில் பட்டும் படாமலும் ஒரு குந்தல், அப்புறம் எழுந்து நின்றுவிட்டார். கடினத்துக்கு 7.0, நேர்த்திக்கு 8.266. இரண்டு வால்ட்டின் சராசரி 15.066. வெண்கலம் வாங்கிய ஸ்விட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபருக்கு 15.216. அந்த 0.150-ஐ நினைத்துத்தான் இன்னும் பெருமூச்சு விடுகிறோம். எனக்கோ அந்த 7.0 தான் உறுத்துகிறது.

அன்றைய விதிப்படி விழுந்தால் 1.0 கழியும். தீபாவின் முதல் வால்ட்டுக்குக் கடின மதிப்பு 6.0. அப்படியானால் ப்ரோடுனோவாவில் விழுந்தாலும் 7 − 1 = 6. கால் விலகியதற்கு, உடம்பு வளைந்ததற்கு என்று வேறு கழிவுகளும் உண்டு, சரி. ஆனாலும் கழுத்தைப் பணயம் வைத்து விழுகிறவருக்கும், கொஞ்சம் எளிதானதைச் செய்து நிற்கிறவருக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்திலிருந்து கணக்கு தொடங்கினால், அந்த விதி 'வா, முயற்சி பண்ணு' என்று கூப்பிடுகிறது என்றுதான் அர்த்தம். அகர்தலாவில் நல்ல உபகரணம்கூட இல்லாமல், பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்துப் பயிற்சி செய்து வந்தவர் தீபா. அப்படிப்பட்ட ஒருவருக்கு ஃபைனலுக்குள் நுழைய இருந்த ஒரே கதவு அந்தக் கடினம். 2017-ல் ப்ரோடுனோவாவின் மதிப்பை 6.4 ஆக்கினார்கள். கதவு பாதி மூடியது. மூடியது சரிதான் என்று நினைக்கிறேன், அதைச் சந்தோஷமாகச் சொல்ல முடியவில்லை.

விழுந்தவருக்கு மார்க்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. எங்க டி. கல்லுப்பட்டி பக்கம் வழுக்கு மரம் ஏறுகிற போட்டியில் அப்படித்தான்: முக்கால் மரம் ஏறிச் சறுக்கினவனுக்குக் கைதட்டல் மட்டும், முடிப்பு உச்சியைத் தொட்டவனுக்கு. திருவிழாவுக்கு அது போதும். வருஷக்கணக்கில் பயிற்சி எடுக்கிற விளையாட்டுக்கு ஸ்டெப் மார்க் வேண்டும். கேள்வி, எந்த ஸ்டெப்புக்கு?

ஃபிகர் ஸ்கேட்டிங் இதற்குச் சொல்லும் பதில் விசித்திரமானது. நான்கு சுற்று லுட்ஸ் தாவலின் அடிப்படை மதிப்பு 11.50. முழுசாகச் சுற்றி விழுந்தால் பாதி போய் 5.75, விழுந்ததற்கு இன்னொரு 1. மிச்சம் 4.75. அழகாக இறங்கிய மூன்று சுற்று டோ லூப்புக்கு அடிப்படை 4.20 தான். ரசிகர்கள் கொதிப்பது இங்கேதான். 2014 சோச்சியில் யூஸுரு ஹன்யு ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு தடவை விழுந்தும் தங்கம் வாங்கியபோதும் இதே கோபம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நான்கு சுற்றையும் முடித்துவிட்டார், இறங்கும் கால்தான் வழுக்கியது. ஏறிய தூரத்துக்கு மார்க்.

அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. தாவிய கணத்திலேயே 'இது சரிவராது' என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. கைகளை விரித்து ஒரே சுற்றோடு பத்திரமாக இறங்குகிறார். 'பாப்' ஆகிவிட்டது என்பார்கள். அதற்கு 0.60. ஷார்ட் ப்ரோக்ராமில் சுத்தமாகப் பூஜ்யம். புத்தியோடு விலகினால் 0.60, பிடிவாதமாகச் சுற்றி இடுப்பு அடிபட விழுந்தால் 4.75. நான் எழுதுகிற மென்பொருளில் ஒழுங்காக ரோல்பேக் ஆவதைவிட க்ராஷ் ஆவதற்கு அதிக மார்க் என்று ஒருவர் விதி வைத்தால், டீமில் எல்லாரும் க்ராஷ் ஆகிற கோடைத்தான் எழுதுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. அப்ரைசல் அப்படி.

இந்த ஒரு விஷயத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பரவாயில்லை. டோக்கியோவில் சிமோன் பைல்ஸ் இரண்டரைத் திருகல் போட நினைத்து, காற்றில் திசை தெரியாமல் ஒன்றரையோடு இறங்கினார். கடின மதிப்பு 5.8-லிருந்து 5.0-க்கு இறங்கியது, அவ்வளவுதான். 13.766 கிடைத்தது. அதன் பிறகு அவர் விலகியதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. விதிப்புத்தகம் அவர்களைவிடக் கருணையோடு இருந்தது.

ஸ்கேட்டிங்கில் திருத்த வேண்டியது இதைத்தான். நான்கு சுற்றாகத் திட்டமிட்டது இரண்டாகக் குறைந்தால் இன்று 2.10. நின்று இறங்கியவருக்கு அதை 4.75-க்குப் பக்கத்திலாவது கொண்டு வரட்டும். 'எல்லாரும் வேணும்னே பாப் பண்ணுவாங்க' என்பார்கள். 11.50 எதிரில் இருக்கும்போது ஐந்துக்கும் குறைவாக எடுக்க யார் வேண்டுமென்றே சுற்றைக் குறைப்பார்கள்?