சும்மா விளையாட வந்தவர்கள்

எங்கள் வீட்டில் இரண்டு ஹாக்கி மட்டைகள் இருக்கின்றன. ஒன்று வாசல் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். அது அண்ணனுடையது. நாற்பத்தாறு வயதிலும் சனி, ஞாயிறு ஆனால் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்னொன்று சமையலறையில் இருக்கிறது. பரணில் இருக்கும் சாமானை முன்னால் இழுக்க அம்மா அதைத்தான் எடுப்பார். வளைந்த முனை அதற்கு வசதி. அந்த மட்டை என்னுடையது. பன்னிரண்டாம் வகுப்பு வரை ரைட் ஹாஃப் இடத்தில் ஆடினேன். மாவட்ட அளவில் ஆடி வாங்கிய சான்றிதழ்கள் எங்கே என்று இப்போது யாருக்கும் தெரியாது.

கோவில்பட்டி வட்டாரம் ஹாக்கிக்குப் பேர்போனது. நகரத்தில் செயற்கைப் புல்தரை மைதானம் உண்டு. இந்திய ஆடவர் அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். லட்சுமி அம்மாள் என்ற ஒரு பெண்ணின் நினைவாக இங்கே அகில இந்தியப் போட்டி நடக்கும். நான் பார்த்த ஆண்டுகளிலெல்லாம் அந்தக் கோப்பைக்காக ஆண்கள் அணிகளே ஆடின. சுற்றுப்பட்டுக் கிராமங்களில், கரிசலில் சரள் அடித்துச் சமன்செய்த கிரவுண்டுகளில் சின்னச் சின்னக் கிளப்புகள் உண்டு. அப்படியொரு கிளப்பில்தான் அண்ணன் ஆடுகிறார்.

போன கோடையில் அந்தக் கிளப்பின் ஆண்டுவிழாப் போட்டி, சனி, ஞாயிறு இரண்டு நாள் நடந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து எட்டு ஆண்கள் அணிகள். ஞாயிற்றுக்கிழமை நாற்பது வயது தாண்டியவர்களுக்குத் தனியாக ஓர் ஆட்டம். பெண்களுக்கு ஒரே ஒரு காட்சிப் போட்டி, அணிக்கு ஏழு பேர். ஒரு பக்கம் பள்ளி மாணவிகள், மறுபக்கம் ஊர்ப் பெண்கள். ஊர்ப் பெண்கள் அணியில் ஆள் குறைகிறது என்று மதினி போன் செய்தார். “நீங்கதான் முன்னாடி ஆடுனவுகளாச்சே, வாங்க. சும்மா ரெண்டு ஓட்டம் ஓடிட்டுப் போங்க” என்றார். மதுரையில் பஸ் ஏறினேன். அந்தச் ‘சும்மா’ என்ற சொல் இரண்டு நாளும் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

சனிக்கிழமை நான் வெறும் பார்வையாளர். ஆட்டம் நன்றாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். சரள் தரையில் பந்து எப்போது எகிறும் என்று சொல்ல முடியாது. அதை மட்டையின் தட்டைப் பக்கத்தால் அடக்கி நிறுத்துவதற்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். பதினாறு வயதுப் பையன் ஒருவன் அதைச் செய்தபோது நானும் எழுந்து நின்று கை தட்டினேன். அணிகளுக்கு ஊர்ப் பெயர்கள்தான். ஆனால் எந்த ஊரில் எந்தத் தெருப் பையன்கள் ஆடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கிரவுண்டின் மூலையில் வேப்பமரத்தடியில் அடுப்பு எரிந்தது. மதினியும் இன்னும் ஐந்து பெண்களும் நூறு பேருக்குச் சாம்பார் சாதம் கிண்டிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டவருக்கு மைக்கில் நன்றி சொன்னார்கள். ஜெர்சி வாங்கிக் கொடுத்தவருக்கும் தண்ணீர் கேன் இறக்கியவருக்கும் நன்றி சொன்னார்கள். அடுப்படிப் பக்கம் மைக் திரும்பவே இல்லை. கிளப் அறையை ஒட்டி ஒரு கழிப்பறை, பூட்டியிருந்தது. சாவி செயலாளரிடம், அவர் பைக்கில் எங்கோ போயிருந்தார். ஆண்களுக்குச் சாவி தேவைப்படவில்லை, சுற்றிலும் சீமைக் கருவேலம் இருந்தது. பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கோடை வெயிலில் ஓடியாட வந்தவர்கள் தண்ணீர் குடிக்கப் பயந்தார்கள் என்பதை இரண்டு முறை படித்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்டத்துக்கு முன் மைக்செட்டில் ‘சிங்கப்பெண்ணே’ பாட்டு ஓடியது. சிறப்பு விருந்தினர் எங்களோடு கை குலுக்காமல் கும்பிட்டுவிட்டுப் பேசினார்: “நல்லா விளையாடுங்கம்மா. ரயில்வே, போலீஸ்னு கோட்டாவுல வேலை இருக்கு. இந்தியாவுக்கு ஆடணும். அப்பத்தான் நம்ம ஊருக்குப் பெருமை.” நல்ல மனதோடுதான் சொன்னார். எங்களுக்குப் பின்னால் மூத்தோர் ஆட்டத்துக்கு வரிசையில் நின்றவர்களிடம் போனார். “என்ன மாப்ள, இந்தத் தொப்பையோட ஓடிருவியா?” என்று ஒருவரின் வயிற்றைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களிடம் இந்தியாவைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் எதற்காக விளையாடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் நம் சினிமாக்களும் காட்டுகின்றன. 2007இல் ‘சக் தே! இந்தியா’ பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. ஹாக்கி ஆடும் பெண்களைத் திரையில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இன்று திரும்பப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. தொடக்கத்தில் பயிற்சியாளர் கபீர் கான் ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்கிறார். பெண்கள் தங்கள் பெயரோடு மாநிலத்தைச் சொல்கிறார்கள். அவருக்குத் திருப்தி இல்லை. ஒருத்தி ‘இந்தியா’ என்று சொன்ன பிறகுதான் முகம் மலர்கிறது. அந்தப் பெண் வித்யா, கோல்கீப்பர். வீட்டுக்குத் திரும்பி வரச்சொல்லிப் புகுந்த வீடு நெருக்கும் மருமகள். இறுதி ஆட்டத்தில் கடைசி அடியைத் தடுப்பவளும் அவள்தான். ஆனால் அந்தக் கணத்தில் படம் யாருடைய கதையை முடித்துவைக்கிறது? பழைய பெனால்டி ஒன்றைத் தவறவிட்டுத் துரோகிப் பட்டம் சுமந்த கபீர் கானின் பழி அங்கே தீர்கிறது. ஒரு முஸ்லிம் ஆட்டக்காரர் சுமந்த அந்த அவமானம் உண்மையானது, படம் அதைச் சொன்னது முக்கியமும்கூட. ஆனாலும் வித்யாவின் கைகளில் பட்ட பந்து அவருடைய விடுதலைக்கானதாக ஆகிவிடுகிறது.

தமிழிலும் இதே கட்டமைப்புதான். சுதா கொங்கரா இயக்கிய ‘இறுதிச்சுற்று’ (2016) குத்துச்சண்டை, ‘கனா’ (2018) கிரிக்கெட், ‘பிகில்’ (2019) கால்பந்து. விளையாட்டு மாறினாலும் அவளைக் கண்டுபிடிக்கவோ வெல்லவைக்கவோ ஓர் ஆண் பயிற்சியாளர் இருக்கிறார். ‘பிகில்’ படத்தில் ஆட விடாத கணவனைக் கதாநாயகன் போய்ப் பேசித் திருத்துகிறான். பருமனான பாண்டியம்மாவைக் ‘குண்டம்மா’ என்று திரும்பத் திரும்பச் சொல்லி, ஆத்திரமூட்டி ஓடவைக்கிறான். நம்மைக் கைதட்டச் சொல்கிறது படம். எங்கள் கிரவுண்டில் ஆணின் தொப்பை வேடிக்கை, தட்டிச் சிரித்துவிட்டு ஆடப் போகலாம். திரையில் பெண்ணின் உடல் ஓர் அவமானம், கோப்பை வாங்கித்தான் அதைக் கழுவ வேண்டும்.

இதே தமிழ் சினிமா ஹாக்கி ஆடும் ஆண்களைப் பற்றியும் படம் எடுத்திருக்கிறது. ‘நட்பே துணை’ (2019), ஒரு மைதானத்தைக் காப்பாற்றும் கதை. அதன் பெயரைப் பாருங்கள். ஆண்கள் நட்புக்காக ஆடலாம், தங்கள் ஊர் கிரவுண்டுக்காக ஆடலாம். பெண் ஆடினால் மட்டும் தேசத்துக்காக, தகப்பனின் கண்ணீருக்காக, பயிற்சியாளரின் மானத்துக்காக என்று ஒரு ரசீது காட்ட வேண்டியிருக்கிறது.

‘வீட்டில் சும்மாதான் இருக்கா’ என்று நம் மொழியில் யாரைச் சொல்கிறோம்? விடியற்காலையில் எழுந்து பத்துப் பாத்திரம் தேய்த்து, பிள்ளைகளைக் கிளப்பி, இரவு பதினொரு மணிக்குப் படுக்கும் பெண்ணைச் சொல்கிறோம். உழைப்பவளைச் சும்மா இருப்பவள் என்கிறோம். உண்மையிலேயே சும்மா இருப்பதற்கு, பயன் எதுவும் பார்க்காமல் ஒரு மணி நேரம் ஓடி வியர்ப்பதற்கு, அவளுக்கு உரிமை கொடுப்பதில்லை. அமெச்சூர் ஆட்டம் என்பது, காசுக்கு இல்லாமல் ஆசைக்கு ஆடுவது. அந்த ஆசைக்கான நேரம் ஆண்களின் சொத்தாக இருக்கிறது. அவர்கள் சனி, ஞாயிறு ஆட, யாரோ ஒருத்தி சனி, ஞாயிறும் அடுப்படியில் நிற்கிறாள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஏழைப் பெண்ணுக்கு கோட்டா வேலை வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஹாக்கி மட்டையைப் பிடித்துக்கொண்டு வறுமையிலிருந்து மேலே ஏறி வந்த பெண்கள் பலர். ஹரியானாவில் வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள் ராணி ராம்பால், இந்திய அணியின் கேப்டனாக உயர்ந்தார். பையன்களுக்கும்கூட இந்த ஆட்டம் ஒரு வேலைக்கான வழிதான். அந்த வழியை நான் குறைத்துப் பேசவில்லை. வேலை கிடைக்காத பையனுக்கு என்ன நடக்கிறது, வேலை கிடைக்காத பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்றுதான் கேட்கிறேன். அவன் ஆட்டோ ஓட்டுகிறான், லோடு ஏற்றுகிறான், நாற்பத்தைந்து வயதில் மூத்தோர் அணியில் ஃபுல் பேக் ஆடுகிறான். அவளுடைய மட்டை பரண் சாமான் இழுக்கப் போய்விடுகிறது.

வென்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற சினிமாவின் ஒப்பந்தமாவது உண்மையா? ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கி 1908இலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1980இல் ஆடிய இந்தியப் பெண்கள் அணி, அடுத்து 2016இல்தான் ஒலிம்பிக் மைதானத்தில் இறங்கியது. 2021இல் டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். சில நாட்களில் அரையிறுதியில் அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் அருகே அவருடைய வீட்டின் முன் ஆதிக்கச் சாதி ஆண்கள் வெடி வெடித்தார்கள், சாதியைச் சொல்லி வசைபாடினார்கள், தலித்துகள் அணியில் இருந்ததால்தான் தோற்றோம் என்றார்கள். நாட்டுக்காக ஆடினார், நாட்டுக்காக வென்றார், ஒரே ஒரு தோல்வி போதுமாயிருந்தது. வெற்றியை வாடகையாகக் கட்டித்தான் மைதானத்தில் நிற்க முடியும் என்றால், தலித் பெண்ணிடம் கேட்கப்படும் வாடகைக்கு அளவே இல்லை. அதனால்தான் தோற்கும் உரிமையைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

எங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். ஆண்கள் ஆட்டம் இழுத்துக்கொண்டு போனதால், எங்கள் அரை மணி நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கியது. கோல்கீப்பர் பேடு ஆண்கள் அளவு, ஈர வாடை அடித்தது. எங்கள் அணியில் ஐந்து பேர் முன்பு பள்ளியில் ஆடியவர்கள். இரண்டு பேர் மட்டையைத் தொட்டதே இல்லை. ஆள் பற்றாக்குறையால் மூன்று தெருப் பெண்கள் ஒரே அணியில் நின்றோம். அந்த இருபது நிமிடம் தவிர நாங்கள் ஒன்றாக நிற்கும் இடம் ஊரில் வேறு இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். முன்களத்தில் ஆடிய தங்கச்சிக்கு இருபத்தொன்பது வயது. தீப்பெட்டி ஆபீசில் வேலை. மூன்று வயது மகனை மாமியார் இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார்.

மாணவிகள் மூன்று கோல் போட்டார்கள். நாங்கள் ஒன்றும் போடவில்லை. ஒருமுறை தங்கச்சி வலப்பக்கம் மூன்று பேரைத் தாண்டிவந்து பந்தை என் முன்னால் தள்ளினாள். கோல்கீப்பர் விழுந்து கிடந்தாள், கோல் காலியாக இருந்தது. நான் வீசிய மட்டை பந்தின் மேலே காற்றில் போனது. கரிசல் புழுதி மட்டும் கிளம்பியது. ஒரு நொடி, பதினேழு வயதில் வாங்கிய திட்டுகளெல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. திரும்பிப் பார்த்தால், தங்கச்சி மட்டையை ஊன்றிக்கொண்டு குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். “யக்கா, பந்து கீழ கெடக்கு, நீங்க கொசு அடிக்கீக!” என்றாள். மாமியார் சிரித்தார். வேப்பமரத்தடியில் கரண்டியோடு மதினி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அடியை நான் தவறவிட்டதால் எந்த நாட்டின் மானமும் போகவில்லை.

ஆட்டம் முடிந்து வியர்வையோடு உட்கார்ந்திருந்தபோது மதினி அருகில் வந்து என் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமாகி வந்த இருபது வருடத்தில் அந்தக் கிளப்புக்கு எத்தனை முறை சமைத்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. “இத எப்பிடிப் பிடிக்கணும்?” என்று கேட்டார். இடது கை மேலே, வலது கை கீழே என்று காட்டிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நாங்கள் எட்டுப் பேர் கிளப் செயலாளரிடம் போனோம். கோப்பை கேட்கவில்லை. வாரம் ஒருநாள், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரவுண்டு வேண்டும், கழிப்பறைச் சாவி ஒன்று எங்களிடம் இருக்க வேண்டும் என்று கேட்டோம். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“பொம்பளைங்க டோர்னமென்ட் எதுவும் இப்ப இல்லையேம்மா. என்னத்துக்கு?”

“சும்மாதான்” என்றார் மதினி.

சாவி இன்னும் வரவில்லை. வாராவாரம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.