பதிலும் ஈடும்

ஒன்று நீங்க மற்றொன்று வருவதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள் நம் மாணவரை அடிக்கடி இடறச் செய்கின்றன. புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்தார் நன்கறிந்த ஒன்றையே சான்றாகக் கொள்வோம். தோட்டங்களில் இரப்பர் மரங்கள் வீழ்ந்தன, செம்பனை எழுந்தது. இதனைக் கூறுங்கால், 'ரிப்பிளேஸ்' என்னும் வினை நீங்கும் இரப்பரை முதலிற் கொள்ளும். 'சப்ஸ்டிடியூட்' என்பதோ, முறையான வழக்கில், புதிதாய் வரும் செம்பனையை முதலிற் கொள்ளும். இவ்வேறுபாடறியாது மொழிபெயர்ப்பின், வெட்டிய மரம் நட்ட மரமாகிவிடும். தமிழில் இக்குழப்பமில்லை. 'இரப்பருக்குப் பதிலாகச் செம்பனை' என்பதில் நான்காம் வேற்றுமை ஏற்ற பெயரே நீங்கிய பொருள். சொற்கள் முன்பின் மாறினும் பொருள் மாறாது.

'இன் லியூ ஆஃப்' என்பது சட்ட, அலுவலக வழக்கு. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, முன்னறிவிப்பின்றி ஒருவரை நிறுத்தும் முதலாளி அக்காலத்துக்குரிய சம்பளத்தைக் கொடுத்தல் வேண்டும். இதனைப் 'பதில்' என்றால் மறுமொழியென மயங்கவும் கூடும். 'ஈடு' என்றால், தொழிலாளிக்குச் சேரவேண்டிய நிகர்த்தொகை உண்டென்பது விளங்கும். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பதோ தரங்குறைந்த மாற்றினைச் சுட்டும்.

ஆகவே, எது போயிற்று, எது வந்தது, இரண்டும் நிகரா என்று மாணவர் முதலில் வினவட்டும். சொல் தானே வந்தமையும்.