‘ஆள்’ என்னும் சொல்லும் வயிற்றுப் பிள்ளையின் உரிமையும்

செய்யுளில் ஒரு சொல்லுக்குப் பிழையாகப் பொருள் கொண்டால் பாட்டின் சுவை கெடும். சட்டத்தில் ஒரு சொல்லுக்குப் பிழையாகப் பொருள் கொண்டாலோ ஒருவர் வாழ்வே கெடும். இவ்விரண்டும் ஒருங்கே நேரக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது வயிற்றிலிருக்கும் பிள்ளையின் உரிமை பற்றிய பேச்சு.

2022 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1973 ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றி, கருக்கலைப்பைப் பற்றிச் சட்டம் இயற்றும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. 2024 பிப்ரவரியில் அலபாமா மாநில உச்சநீதிமன்றம், 1872 இல் வேர்கொண்ட சட்டம் ஒன்றில் வரும் ‘குழந்தை’ என்னும் சொல் உறைநிலையில் வைத்துக் காக்கப்படும் கருமுளையையும் குறிக்கும் எனத் தீர்ப்பளித்தது. செயற்கைக் கருத்தரிப்பு நிலையங்கள் சில அஞ்சிப் பணியை நிறுத்தின. அடுத்த மாதமே அம்மாநிலச் சட்டமன்றம் அவற்றைக் காக்கப் புதுச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு சொல்லின் பொருள் விரிந்ததால் வந்த விளைவு இது.

இத்தகைய செய்திகள் வரும்போது நம்மவருள் சிலர், “பிறவாத குழவிக்கு உரிமை தந்தவர் பண்டைத் தமிழரே, கரிகாலன் இதற்குச் சான்று” என்பர். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை, கரிகாலன் தாய் வயிற்றிலிருந்தபோதே தாயம் எய்தினான் என்கிறது. உண்மையே. ஆனால் இச்சான்று எதை நிறுவுகிறது என்பதை நின்று நோக்குதல் வேண்டும்.

தாயம் என்பது வழிவழி வரும் உரிமைப் பொருள், ஈண்டு அரசுரிமை. தந்தை விட்டுச் சென்றது மகனைச் சேர்தல் வேண்டும், இடையில் அது பிறர் கைப்படலாகாது என்பதே அதன் கருத்து. இக்கருத்து இன்றைய சட்டத்திலும் அப்படியே உள்ளது. இந்தியாவின் 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், ஒருவர் இறக்கும்போது கருவிலிருந்து பின்னர் உயிரோடு பிறந்த பிள்ளைக்கு, முன்னரே பிறந்த பிள்ளைக்குரிய பங்கைத் தருகிறது. உயிலின்றி இறந்தவர் சொத்தைப் பற்றிய சிங்கப்பூரின் 1967 ஆம் ஆண்டுச் சட்டமும், முஸ்லிம்கள் நீங்கலாக ஏனையோர்க்கு, இவ்வாறே விதிக்கிறது. இரண்டிலும் ‘உயிரோடு பிறந்த’ என்னும் அடைமொழியைக் காண்க. பிறந்தால்தான் பங்கு. சட்டம் பங்கை எடுத்து வைத்துக் காத்திருக்கிறதே ஒழியக் கருவை முழு ஆளாக ஏற்றுவிடவில்லை. கரிகாலனும் பிறந்து வளர்ந்த பின்னரே பாடப்பெற்றான் என்பதை மறத்தலாகாது.

இனி உயிரைப் பற்றிய சட்டம் வேறு. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860 இல் இயற்றப்பட்டது. அதை அடியொற்றிய சட்டம் சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்ததும் 1872 ஆம் ஆண்டிலேதான். தாய் வயிற்றிலுள்ள குழந்தைக்கு மரணம் விளைவிப்பது மனிதக்கொலை ஆகாது என்று அது விளக்கம் தருகிறது. உடலின் ஒரு பகுதியேனும் வெளிவந்த பின் உயிருள்ள குழந்தையைக் கொன்றால் அது கொலைக்குற்றம் ஆகக்கூடும் என்றும் கூறுகிறது. அதற்காகக் கருவைக் காப்பின்றி விட்டுவிடவும் இல்லை. கருவை அழித்தலை வேறு பெயரில், வேறு தண்டனையோடு தனிக்குற்றங்களாக வைத்தது. உரிமை வேறு, காப்பு வேறு என்னும் தெளிவு இங்கே புலனாகும். புறநானூற்றில் ஆலத்தூர் கிழார், மகளிர் கருவைச் சிதைத்தலைக் கொடிய பாவங்களுள் ஒன்றாக எண்ணி, அதற்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றார்க்கே உய்வில்லை என்றார். அவர் பேசியது அறம். அதைச் சட்ட உரிமையாகப் பெயர்ப்பது உரையாசிரியன் செய்யத் தகாத செயல்.

கருவை ‘ஆள்’ எனக் கருதிய பாட்டு ஒன்று உண்டெனில், அது சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடிய புறநானூற்று 74 ஆம் பாட்டே. பிள்ளை இறந்து பிறந்தாலும், தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், ஆள் அல்ல என்று தள்ளாமல் வாளால் கீறிப் புதைக்கும் மறக்குடியில் பிறந்தவன், சிறையில் தண்ணீருக்கு இரந்து நிற்க நேர்ந்ததே என்று வருந்துகிறான் அவன். பாட்டின் அவலம் நெஞ்சை உருக்கும். ஆயினும் அக்குழவி ‘ஆள்’ ஆனது எதற்காக? குடியின் வீரப்புகழுக்காக. அதை ஈன்றவள் பாட்டில் எங்கும் இல்லை.

அவனைச் சிறைவைத்தவன் சோழன் செங்கணான். அவனையும் பெரியபுராணத்துக் கோச்செங்கட் சோழரையும் மரபு ஒருவராகவே கொள்ளும். ஒரு நாழிகை தாழ்ந்து பிறந்தால் மகன் மூவுலகும் ஆள்வான் எனச் சோதிடர் கூற, கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தூக்கச் சொன்னாள் என்கிறார் சேக்கிழார். பிள்ளை பிறந்தது, தாய் இறந்தாள். நாம் பார்த்த பாட்டுகளுள் தாயின் வாய்ச்சொல் கேட்பது இங்கே மட்டுந்தான். அச்சொல்லும் அவள் உயிரைக் கொடுக்கும் சொல்லாக அமைந்தது.

பழைய பாட்டில் காணாத ஒன்று இன்றைய சட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் 1969 இல் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கு மாற்றாக வந்த 1974 ஆம் ஆண்டுச் சட்டம், கருவுற்றவளின் எழுத்து மூலமான இசைவைக் கேட்கிறது. 24 வாரம் கடந்த பின், அவள் உயிரைக் காக்கவோ கடுமையான நிலைத்த தீங்கைத் தவிர்க்கவோ உடனே தேவைப்பட்டாலன்றிக் கருக்கலைப்பை அது தடுக்கிறது. எல்லையும் உண்டு, எல்லைக்குள் தாயின் சொல்லும் உண்டு. அந்த எல்லை சரியா தவறா என்பதில் நல்லோரும் வேறுபடுவர். அவள் சொல் கேட்கப்பட வேண்டும் என்பதில் வேறுபட இடமில்லை என்பது என் துணிபு.

பிடோக்கின் அடுக்குமாடி வீடுகளில் வளைகாப்பு நிகழும்போது, “வாரிசு வருகிறது” என்று நாமும் மகிழ்ந்து சொல்கிறோம். அதுவும் தாயத்தின் மொழியே. வளை அணியும் கையோ தாயின் கை.

ஆதலின் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். கரிகாலன் பிறப்பைக் கற்பிக்கும்போது தாயத்தைத் தாயம் என்றே கற்பியுங்கள். ‘கரு’, ‘குழவி’, ‘ஆள்’, ‘வாரிசு’ ஆகிய நான்கையும் ஒரு பொருட்சொற்களாக மாணவர் வழங்கினால் திருத்துங்கள். தாமே குலைவது கருச்சிதைவு, ஒருவர் செய்விப்பது கருக்கலைப்பு என்னும் இன்றைய வழக்கின் வேறுபாட்டையும் காட்டுங்கள். தற்செயலாய்க் கருவிழந்த ஒருத்தியைக் குற்றவாளியாக்கும் சொல் நம் வாயிலிருந்து வரலாகாது. பழம்பாட்டைக் கட்சிக்குச் சான்றாக இழுப்பவர், அதில் பேசாதிருக்கும் பெண்ணையும் சேர்த்தே இழுத்து வருகிறார். அவளுக்கு முதலில் இடம் தந்துவிட்டுப் பிறகு வழக்காடுவோம்.