மந்திரிமனை: பெயரும் கட்டடமும்

நல்லூரிலே, பருத்தித்துறை வீதியின் ஓரத்தில், சட்டநாதர் கோயிலுக்கு அண்மையில் நிற்கும் பழைய இல்லமொன்றை மக்கள் மந்திரிமனை என வழங்குவர். யாழ்ப்பாணத்தரசரின் அமைச்சர் வாழ்ந்த இடம் அஃதென்பது செவிவழிச் செய்தி. தொல்பொருட் சட்டத்தின் காவலுக்குட்பட்ட சின்னமாகவும் அது விளங்குகின்றது. அதனை நாம் போற்றும் முறை தக்கதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நல்லூரரசு 1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டனர். இன்று நாம் காணும் முகப்பின் வில்வளைவுகள் ஐரோப்பியர் காலத்துக் கட்டட நெறியைக் காட்டுகின்றன. மரவேலையோ நம்நாட்டுத் தச்சரின் கைத்திறனை உணர்த்துகின்றது. ஆதலின், அரசர் காலத்து நினைவைத் தாங்கிய நிலத்திலே பிற்காலத்தில் எழுந்த, அன்றேற் பெரிதும் திருத்தப்பெற்ற கட்டடம் இஃதெனக் கொள்ளலே பொருந்தும். மரபு பொய்யென்பது எம் கருத்தன்று. நினைவின் காலம் வேறு, சுவரின் காலம் வேறு என்பதே கருத்து.

இதனாற் பெருமை குறையுமோ? பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர் நகரிலே, பேராலயத்தின் அருகில், கம்மர்செல் இல்லம் உளது. அதன் கற்கீழ்த்தளம் 1467 இலும், செதுக்குவேலை நிறைந்த மரச்சட்ட மேற்றளங்கள் 1589 இலும் அமைந்தவை. 1929 இல் அது வரலாற்றுச் சின்னமாயிற்று. அது தாங்கும் பெயரோ 19 ஆம் நூற்றாண்டில் அதனை உடைமையாகக் கொண்டிருந்த மளிகை வணிகர் ஒருவருடையது! வணிகர் பெயரால் அதன் மதிப்புக் குன்றவில்லை. ஒவ்வொரு தளமும் தன் காலத்தைத் தானே கூறி நிற்கின்றது.

நாமோ மந்திரியைத் தேடி மனையை மறந்தோம். அமைச்சர் வாழ்ந்தாரா என்னும் வாதம் ஓயவில்லை. 2025 ஆம் ஆண்டு மழையிலே கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. பழைய மனைகள் அழியும் வழியை நம் முதியோர் அறிவர். ஓடு விலகினால் நீர் இறங்கும், சலாகையும் கைமரமும் உளுக்கும், கறையான் ஏறும், சுவர்த்தலையிற் சாந்து கரையும், ஈற்றிற் சுவர் சாயும். அறிவிப்புப் பலகை இவற்றுள் ஒன்றையும் தடுக்காது.

வேண்டுவன சிலவே. கூரையை முதலிற் காத்தல். ஒவ்வொரு மரத்தையும் அளந்து வரைந்து பதிதல். உளுத்த பகுதியை மட்டும் ஒத்த மரத்தால் மாற்றுதல். அத்தொழில் வல்ல தச்சரிடம் இளைஞரைப் பயிற்றுதல். அளந்து வரையும் பணியிற் கல்லூரி மாணவரும் பங்குகொள்ளலாம்.

அயலார் கொணர்ந்த வடிவத்தைத் தம் உளியாற் தமதாக்கிய தச்சரின் பெயர்களை எவரும் எழுதிவைத்திலர். அவர்தம் கையெழுத்து அம்மரங்களிலேயே உளது. அமைச்சரைப் பற்றிய வாதத்தைப் பின்னரும் நடத்தலாம். உளுத்து வீழ்ந்த மரத்தைப் பின்னர்ப் படித்தல் இயலாது.