பின்னிருந்து வரும் வெளிச்சம்

மொன்றியல் மாநகரத்தின் ஷாம்-டி-மார்ஸ் மெட்ரோ நிலையத்தில், 1968-ஆம் ஆண்டு மார்செல் ஃபெரோன் அம்மையார் அமைத்த வர்ணக் கண்ணாடிச் சுவரின் முன், டிசம்பர் மாதத்துப் பிற்பகலொன்றில் சற்று நேரம் சும்மா நின்றால், சித்திரம் என்பது பாதி வர்ணம், மறுபாதி அதன் பின்னால் நிற்கும் வெளிச்சம் என்பது பிரத்தியட்சமாக விளங்கும். சாய்ந்த வெயில் சிவப்பையும் நீலத்தையும் ஊடுருவித் தரையிலும், ரயிலுக்கு விரைகிறவர்களின் கனத்த கோட்டுகளிலும் விழுகிறது. நான்கரை மணிக்குள் சூரியன் அஸ்தமித்ததும், உள்ளே நிற்பவனுக்கு அதே சுவர் கருத்துப்போய் அவன் முகத்தையே திருப்பிக் காட்ட, வெளியே பனியில் நடக்கிறவனுக்கோ அப்போதுதான் அது ஜொலிக்க ஆரம்பிக்கிறது. விளக்கு ஒரு பக்கம் என்றால் காட்சி மறுபக்கத்தவனுக்கு. நம் தோல்பாவைக் கூத்துக்காரர்களுக்குத் தெரியாத ரகசியமா இது!

ஈயப் பட்டையால் துண்டுகளை இணைக்கும் மாதாகோயில் முறையை விட்டு, வர்ணக் கண்ணாடியை இரண்டு தெளிந்த கண்ணாடிகளுக்கு நடுவே பொதிந்தார் அம்மையார். ஆகவே ஒளிக்குக் குறுக்கே கறுப்புக் கோடுகள் இல்லை. மொன்றியல் அடங்கிய கியூபெக் மாகாணத்தின் பழைய கட்டுப்பாடுகளை மறுத்த 1948-இன் ‘ரெஃப்யூ குளோபல்’ பிரகடனத்தில் கையொப்பமிட்டவர், உருவம் எதையும் தீட்டாமல் ஒளியையே விஷயமாக்கியதில் ஆச்சரியமில்லை.

இந்தச் சுவரைக் கைப்பேசியில் படமெடுத்து ரசிப்பவர்கள் உண்டு. ஒரே சீராக எரியும் திரை விளக்கு, மேகம் கடக்கையில் மங்கி மறுகணம் எழும் வர்ணத்தை எவ்வாறு பாவனை செய்யும்? வெயிலுள்ள நாளாகப் பார்த்து நேரில் போய் வாருங்கள்.