களைந்த சட்டையும் தடுத்த கோட்டும்

செருமானிய நிழற்படக் கலைஞர் ஆகஸ்ட் சாந்தர் 1914ஆம் ஆண்டில் எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. சேற்றுப் பாதையிலே மூன்று இளம் உழவர்கள். கறுத்த கோட்டு, தலையிலே தொப்பி, கையிலே கைத்தடி. நடன விழாவுக்குச் செல்லும் வழியில் ஒரு நொடி நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்தப் படத்தையும் சாந்தரின் வேறு சில படங்களையும் முன்வைத்து, ஆங்கில எழுத்தாளர் ஜான் பெர்ஜர் 1979இல் ஒரு கட்டுரை தீட்டினார். கோட்டையும் நிழற்படத்தையும் பற்றிய அக்கட்டுரையை நாம் பலமுறை படித்திருக்கிறோம். படித்தபோதெல்லாம் வியந்தோம், வியந்தபோதெல்லாம் உள்ளத்தின் ஒரு மூலையிலே உறுத்தலும் இருந்தது. அந்த உறுத்தலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பெர்ஜர் சொல்வது இது. கோட்டு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆளும் வகுப்பார் தமக்கென வகுத்துக்கொண்ட உடை. மேசையின் முன் அமர்ந்து, பேசி, கணக்கிட்டு, ஆணையிட்டு வாழ்பவனின் அசைவுக்கு ஏற்பத் தைக்கப்பட்டது. ஏர் பிடிக்கும் தோளும், அரிவாள் வீசும் கையும், குனிந்து நிமிரும் இடுப்பும் அதற்குள் அடங்கா. ஆகவேதான் அவ்வுழவர்கள் கோட்டுக்குள் கோணலாகத் தெரிகிறார்கள். சாந்தர் எடுத்த மற்றொரு படத்திலே பாதிரிமார் நால்வருக்கு அதே கோட்டு பாந்தமாக அமைந்திருக்கிறது. உழவர்களை எவரும் வற்புறுத்தி வாங்கச் செய்யவில்லை. விரும்பியே வாங்கினர், மிடுக்கோடே அணிந்தனர். அப்படி விரும்பி ஏற்ற அளவுகோலே அவர்களை என்றென்றும் இரண்டாந்தரமாகக் காட்டும் அளவுகோலாயிற்று. ஆதிக்கம் தடியால் மட்டுமன்றித் தையல் ஊசியாலும் ஆளும் என்பதே அவர் காட்டும் உண்மை.

நுட்பமான பார்வை, மறுப்பதற்கில்லை. முகங்களை மறைத்துவிட்டு உடையை மட்டும் பாருங்கள் என்று அவர் சொல்லித்தரும் சோதனை, படம் பார்க்கும் கலையில் நமக்கு நல்லதொரு பாடம். வைகாசி வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டு, மணமேடையிலே புன்னகை பூக்கும் மாப்பிள்ளைமாரைக் காணும்போதெல்லாம் நாம் பெர்ஜரைத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் ஐரோப்பிய உழவனுக்குக் கோட்டு விற்க ஆளிருந்தது. அதை அவன் அணியக்கூடாது என்று தடியோடு நிற்க ஆளில்லை. நம் நாட்டிலே? மதுரைக்குக் கிழக்கே, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பாருங்கள். 1930ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் அங்கே ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆடவர் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டலாகாது. இடுப்புக்கு மேலே துணி கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் ஆகாது. தலைமுடியைக் கத்தரித்து அழகுபடுத்தலாகாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது. காலிலே செருப்பு அணியலாகாது. பெண்கள் இரவிக்கையும் தாவணியும் அணியலாகாது. பூவும் மஞ்சளும் ஆகா. பொன்னும் வெள்ளியும் பூணலாகாது. வீட்டிலே மண்பாண்டம் அன்றி வேறு பாத்திரம் புழங்கலாகாது. அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் எட்டு என்பது பதினொன்றாயிற்று. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. இவை நாம் கட்டிய கதைகள் அல்ல. 1931ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், இந்தியச் சாதிமுறை பற்றி 1946இல் வெளியிட்ட நூலிலே பதிந்து வைத்தவை.

அந்தப் பட்டியலை ஒரு கலைத் திறனாய்வாளரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். கோட்டு, கிராப்பு, குடை, செருப்பு! ஒரு நிழற்படக் கூடத்திலே நின்று படம் பிடித்துக்கொள்ளும் ஆடவனின் கோலம் அன்றோ இது? தடை விதித்தவர்கள் அந்தக் கோலத்தின் பொருளைப் பெர்ஜரினும் முன்னதாகவே உணர்ந்திருந்தார்கள். ஒருவன் கோட்டு அணிந்தால் தங்களுக்கு அடங்கிப்போவான் என்று அவர்கள் கருதவில்லை. அடங்கமாட்டான் என்றே அஞ்சினார்கள். தன்னைப் போலவே அனைவரும் உடுத்த வேண்டும் என்று விரும்பி ஆள்வது ஐரோப்பிய ஆதிக்கம். தன்னைப் போல் எவனும் உடுத்திவிடக் கூடாதென்று ஆள்வது சாதி ஆதிக்கம். பெர்ஜரின் கோட்பாடு முன்னதற்குப் பொருந்தும். பின்னதற்கு அதை அப்படியே எடுத்துவந்தால், அடிபட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் ஆவோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இலண்டன் மாநகரில் முதல் வட்டமேசை மாநாடு 1930 நவம்பரில் தொடங்கி 1931 சனவரி வரை நடந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் அதில் அமர்ந்தவர்கள் இருவர்: அண்ணல் அம்பேத்கர், நம் இரட்டைமலை சீனிவாசன். மன்னரும் அமைச்சரும் கூடிய அவையிலே அவர்கள் கோட்டணிந்து உரிமை கேட்ட அதே டிசம்பரில்தான், வைகைக் கரையிலிருந்து ஒரு நாள் நடையிலே, கோட்டுக்குத் தடை பிறந்தது.

மதுரை என்றதும் ஆடை வரலாறு எழுதுவோர் வேறொரு நாளையே நினைவூட்டுவர். 1921 செப்டம்பர் 22. மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தியார், சட்டையையும் தொப்பியையும் விடுத்து, இடுப்பிலே ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். அந்நியத் துணியை விடச் சொன்னால் கதர் வாங்கக் காசில்லையே என்று ஏழைகள் சொன்ன மறுமொழி அவரை வாட்டியது. அவ்வருத்தம் மெய்யானது, அதை நாம் எள்ளவில்லை. ஆனால் களைவதற்கு ஒரு சட்டை முதலில் வேண்டும். பாரிஸ்டர் கோட்டை ஒருகாலத்தில் அணிந்தவர்க்கே அதைத் துறந்தேன் என்று சொல்லும் பெருமை கிட்டும். துறந்தவருக்கு மதுரையிலே நினைவிடம் உண்டு. ஒன்பதாண்டு கழித்து அணிய முயன்றதற்காக அடிபட்டவர்க்கு என்ன உண்டு? 2016இல் வந்த 'கபாலி' திரைப்படம், காந்தியார் களைந்ததையும் அம்பேத்கர் அணிந்ததையும் இணைத்து ஒரு வசனத்திலே பேசிற்று. கொட்டகைகளில் கைதட்டல் அதிர்ந்தது. அக்கைதட்டலின் பொருளை நம் திறனாய்வாளர்கள் விரித்து எழுதியிருக்க வேண்டாமா?

நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறோம். சட்டையின் ஆற்றலை அறியாத இயக்கம் அன்று நம்முடையது. 1946 மே திங்களில் மதுரையில் கூடிய கருஞ்சட்டைப் படை மாநாட்டின் பந்தலுக்கு நெருப்பு வைத்தார்கள். 1948இல் அரசே அப்படையைத் தடை செய்தது. ஒரு முழக் கறுப்புத் துணிக்கு அவ்வளவு அச்சம்! அந்த வரலாற்றை நம் ஏடுகள் ஓயாமல் எழுதின, எழுதத்தான் வேண்டும். ஆனால் இராமநாதபுரத்து எட்டுத் தடைகளை எத்தனை முறை எழுதினோம்? அவற்றை விதித்தவர்கள் அக்கிரகாரத்தார் அல்லர். நிலமும் தடியும் கையிலிருந்த இடைச்சாதி நாட்டார்கள். எழுதுகோல் அங்கே தயங்கியதற்குக் காரணம் அதுவே என்று நாம் கருதுகிறோம். தோளில் துண்டு போடும் உரிமைக்காகப் பேசியவர்களின் வழிவந்தோர் பலர், இன்று பளபளக்கும் வெள்ளை வேட்டி சட்டையையே எளியவரை எட்ட நிறுத்தும் உடுப்பாக ஆக்கிக்கொண்டதையும் காண்கிறோம்.

இனி நிழற்படக் கூடத்துக்கு வருவோம். அந்நாளில் கூடங்களிலே ஒரு மூலையில் ஆணி. ஆணியிலே ஒரு கோட்டு. வருவோர்க்கெல்லாம் பொதுவான அது சிலருக்குத் தோளிலே தொங்கும். சிலருக்கு மார்பிலே பிடிக்கும். பின்னாலே திரைச்சீலையில் தீட்டிய மாளிகை, படிக்கட்டு, பூந்தொட்டி. இதை வெறும் பகட்டு என்று நகைப்பவர் உண்டு. பகட்டுத்தான்! ஊரிலே செருப்பைக் கையில் தூக்கி நடக்க வேண்டியவன், தீட்டிய மாளிகையின் வாயிலில் காலணியோடு நிற்கும் பகட்டு. சாந்தரின் உழவர்களை அளந்த கோலால் இப்படங்களை அளந்தால், அளவு சரியில்லாத தோள்பட்டை மட்டுமே தென்படும். நேரே பார்க்கும் கண் தென்படாது. ஊர்தோறும் நீலக் கோட்டிலே நிற்கும் அண்ணலின் சிலைகளைப் பாருங்கள். பல இடங்களில் கம்பிக் கூண்டு போட்டே காக்க வேண்டியிருக்கிறது. தடை விதித்த கை இன்னும் ஓயவில்லை.

உடையிலே விளையாட்டும் அழகும் வேண்டும் என்பதில் மதுரைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் தூண்களுக்கிடையே தையற்பொறிகள் பல்லாண்டுக் காலம் ஓடின. கடைகள் அண்மை ஆண்டுகளில்தான் குன்னத்தூர் சத்திரத்துக்குப் பெயர்ந்தன. சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் புனைவோர்க்குச் சல்லடமும் கச்சையும் உருமாவும் தைத்த கைகள் அவை. நேர்த்திக்கடனில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் மஞ்சளையும் சிவப்பையும் சரிகையையும் அஞ்சாமல் அருகருகே வைத்துத் தைக்கும் அந்தத் துணிவை மதிக்கிறோம்.

ஆணியில் தொங்கிய கோட்டு இன்று கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. வேலைக்கு விண்ணப்பம் போடும் இளைஞர் வியர்த்த சட்டையோடு வந்து அமர்கிறார். படம் எடுத்து முகத்தைத் தனியே வெட்டி, ஆயத்தமாக இருக்கும் ஒரு கோட்டின்மேல் ஒட்டுகிறார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், தோள் எவருடையதோ! அண்மையில் ஒரு கூடத்திலே நம் முறைக்காகக் காத்திருந்தபோது இக்காட்சியைக் கண்டோம். எந்த நிறக் கோட்டு வேண்டும் என்று கேட்டார் பொறியின் முன் அமர்ந்தவர். இளைஞர் திரையில் வரிசையாக வந்தவற்றையெல்லாம் பார்த்தார். கறுப்பைத் தள்ளினார், சாம்பலைத் தள்ளினார், நீலம் வந்ததும் கையைக் காட்டினார்.