செருகினால் போதுமா?
இராணுவக் கணிப்பொறிகளில் திறந்த அமைப்பு முறை – ஒரு திறனாய்வு

பி-52 என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் கடைசி விமானம் 1962-ஆம் ஆண்டில் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. அவ்வகை விமானங்கள் இன்றும் பறக்கின்றன. விமானத்தின் உடல் அறுபது ஆண்டுகள் தாங்குகிறது. ஆனால் அதனுள் பொருத்தப்படும் கணிப்பொறியோ சில ஆண்டுகளிலேயே பழையதாகி விடுகிறது. நீண்ட ஆயுளுடைய உடலுக்குள் குறுகிய ஆயுளுடைய மூளையை எவ்வாறு மாற்றி மாற்றிப் பொருத்துவது?

இவ்வினாவுக்கு அமெரிக்கா தந்துள்ள விடையே 'திறந்த அமைப்பு முறை' என்பதாகும். 1994-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நாட்டின் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி, இராணுவத்துக்கென்றே எழுதப்பட்ட தனித் தர விதிகளைக் குறைத்து, கடைத்தெருவில் கிடைக்கும் பொருள்களையும் பொதுத் தரங்களையும் பயன்படுத்துமாறு ஆணையிட்டார். 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2019 ஜனவரி 1-க்குப் பின் முக்கியக் கட்டங்களில் ஒப்புதல் பெறும் பெரிய ஆயுதத் திட்டங்கள் திறந்த அமைப்பு முறையிலேயே வடிவமைக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. இக்கொள்கை சரியானதா, அது சொல்லாமல் விட்டது என்ன என்பதைக் காண்போம்.

கொள்கை யாது?

வீட்டில் உள்ள பல்பு ஹோல்டரை நினைத்துக் கொள்ளுங்கள். பல்பைச் செய்தவர் யார் என்று ஹோல்டர் கேட்பதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தின் வடிவமும் அளவும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆகவே எந்த நிறுவனத்தின் பல்பும் பொருந்துகிறது. இவ்வாறு இரு பகுதிகள் சந்திக்கும் எல்லையை 'இடைமுகம்' என்கிறோம். இடைமுகத்தின் விவரங்களைப் பொதுவில் வைத்துவிட்டால் யாரும் புதிய பகுதியைச் செய்து தரலாம் என்பதே திறந்த அமைப்பு முறையின் சாரம்.

இதற்கு எதிரானது மூடிய முறை. அதில் ராடார், கணிப்பொறி, மென்பொருள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். ஒரு சிறு மாற்றம் வேண்டுமானாலும் அந்நிறுவனத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். அது கேட்ட விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

திறந்த முறை வெறும் கனவன்று. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் 1998 முதல் பழைய சோனார் கணிப்பொறிகளுக்குப் பதிலாகச் சந்தையில் விற்கும் கணிப்பொறிகள் பொருத்தப்பட்டன. மென்பொருளையும் வன்பொருளையும் பிரித்துவிட்டதால், ஒன்றைத் தொடாமல் மற்றதைப் புதுப்பிக்க முடிந்தது. கடலொலியைப் பகுத்தறியும் புதிய கணக்கீட்டு முறைகள் முன்னிலும் விரைவாகக் கப்பல்களை அடைந்தன. இந்த வெற்றியை மறுப்பதற்கில்லை.

வடிவம் வேறு, பொருள் வேறு

ஆனால் பல்பு உவமையை இன்னும் சற்றுத் தொடர்ந்து பாருங்கள். 230 வோல்ட் மின்சாரம் வரும் ஹோல்டரில், 110 வோல்ட்டுக்கென்று செய்த இழை பல்பையும் செருகலாம். வடிவம் அழகாகப் பொருந்தும். இழையோ கருகிப் போகும். ஹோல்டரின் தரவிதி மீறப்படவில்லை. மீறப்பட்டது அதில் எழுதப்படாத ஒன்று.

இராணுவ விமானங்களில் பெரிதும் பயன்படும் மில்-எஸ்டிடி-1553 என்னும் தரத்தை எடுத்துக் கொள்வோம். 1973-இல் வெளிவந்த இத்தரத்தின் 'பி' பதிப்பு 1978-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரே கம்பி இணைப்பில் 31 கருவிகள் வரை வினாடிக்குப் பத்து லட்சம் பிட் வேகத்தில் உரையாட இது வழி செய்கிறது. ஒவ்வொரு சொல்லிலும் செய்திக்கென்று 16 பிட்கள் உண்டு. ஆனால் அந்தப் 16 பிட்கள் உயரத்தைக் குறிக்கின்றனவா, வெப்பநிலையையா? உயரமென்றால் மீட்டரிலா, அடியிலா? இதைத் தரம் சொல்வதில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக எழுதப்படும் ஆவணம்தான் சொல்கிறது. தபால்காரர் கடிதத்தைச் சரியான வீட்டில் சேர்க்கிறார்; கடிதம் எந்த மொழியில் இருக்கிறது என்பது அவர் பொறுப்பன்று.

மூன்று படிப்பினைகள்

விடுபட்டுப் போவன மூன்று: அலகு, எல்லை, காலம். மூன்றுக்கும் வரலாற்றில் எடுத்துக்காட்டுகள் உள்ளன. இவை திறந்த அமைப்புக் கொள்கையால் விளைந்த விபத்துகள் அல்ல. ஆயினும் பலர் கையால் செய்த பகுதிகளை ஒன்றுசேர்க்கும்போது எதை அஞ்ச வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன.

முதலாவது அலகு. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய் வானிலை ஆய்வுக் கலம் அழிந்தது. உந்திகளின் கணத்தாக்கை ஒரு மென்பொருள் பவுண்டு-வினாடியில் தந்தது. அதைப் பெற்ற மென்பொருள் நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 4.45. எண்கள் தடையின்றிக் கைமாறின. கலம் மட்டும் திட்டமிட்ட உயரத்தை விட மிகத் தாழ்வாகச் சென்று செவ்வாயின் வளிமண்டலத்தில் சிக்கியது.

இரண்டாவது எல்லை. 1996 ஜூன் 4 அன்று ஏரியன்-5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே சிதறியது. அதன் திசையறி கருவியின் மென்பொருள் ஏரியன்-4-இலிருந்து அப்படியே எடுத்து வைக்கப்பட்டது. கிடைமட்டத் திசைவேகத்தோடு தொடர்புடைய ஓர் அளவை அது 64 பிட் எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய நேர் எண் 32,767. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த அளவு இவ்வெல்லையைத் தாண்ட வழியில்லை. புதிய ராக்கெட்டிலோ கிடைமட்டத் திசைவேகம் பன்மடங்கு விரைவாக உயர்ந்தது. எஞ்சின் பற்றிய சுமார் 37 வினாடிகளில் கருவி செயலிழந்தது. ஒன்று பழுதானால் மற்றது உதவும் என்று வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள்தான். அதுவும் அதே காரணத்தால் நின்றது. இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. பழுதான கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பை முதன்மைக் கணிப்பொறி பயணத் தகவல் என்றே எண்ணி எஞ்சின்களைத் திருப்பியது. பிட்கள் ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தன!

மூன்றாவது காலம். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தனர். அவ்வமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு வினாடி வீதம் எண்ணியது. மூன்றில் ஒன்றைப் பதின்ம முறையில் எழுதினால் 0.333... என்று முடிவின்றி நீள்வதுபோல, பத்தில் ஒன்றை இரும முறையில் எழுதினால் முடிவு கிடையாது. 24 பிட்டோடு வெட்டியதால் ஒவ்வொரு முறையும் 0.000000095 வினாடி பிழை ஏற்பட்டது. அமைப்பு தொடர்ந்து 100 மணி நேரம் இயங்கியிருந்தது. அதாவது 36 லட்சம் முறை எண்ணியிருந்தது. பெருக்கிப் பாருங்கள்: பிழை ஏறத்தாழ 0.34 வினாடி. வினாடிக்கு 1,600 மீட்டருக்கும் மேல் விரையும் ஸ்கட் அதற்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிடும்.

இதில் நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. காலத்தை இன்னும் துல்லியமாகக் கணக்கிடும் புதிய நிரல் பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டு மென்பொருளின் சில இடங்களில் சேர்க்கப்பட்டிருந்தது. எல்லா இடங்களிலும் சேர்க்கப்படவில்லை. எங்கும் பழையதே இருந்திருந்தால், இரு கால அளவுகளைக் கழிக்கும்போது பிழையின் பெரும்பகுதி நீங்கியிருக்கும். நல்ல பகுதியைப் பாதி இடங்களில் மட்டும் செருகியதால் அந்த வாய்ப்பும் போயிற்று. முழுவதும் திருத்திய மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானை அடைந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2016-ஆம் ஆண்டுச் சட்டம் இடைமுகத்தை வரையறுக்கும்போது மின்சாரம், இயந்திரம், பாய்மம், ஒளி, ரேடியோ அதிர்வெண், தகவல், வலைப்பின்னல், மென்பொருள் என்று கூறுகளை எடுத்துக்காட்டுகளாக அடுக்குகிறது. இது பெரும்பாலும் ஹோல்டரின் வடிவத்தைப் பற்றிய பேச்சே. 2021 ஜனவரியில் சட்டமான திருத்தம் குறையை ஓரளவு உணர்ந்தது. மதிப்புகள் எவ்வாறு முறையாகக் கைமாற வேண்டும், ஒவ்வொரு புலமும் எதைக் குறிக்கிறது என்பதையும் ஆவணமாகத் தர வேண்டும் என்று அது கேட்கிறது.

விமான மென்பொருளுக்காக 2010-இல் தொடங்கப்பட்ட 'ஃபேஸ்' கூட்டமைப்பின் தரமும் இவ்வழியில் நல்ல முயற்சியாகும். அதில் ஓர் அளவு எந்த அலகில், எந்த ஆயச் சட்டகத்தில் கூறப்படுகிறது என்பதையும் மாதிரியில் எழுத வேண்டும். செய்முறைப் பதிவேட்டில் அலகில்லாத விடைக்கு நாங்கள் மதிப்பெண் குறைப்பதுண்டு. அந்த ஒழுங்கு இப்போது விமானத்துக்கும் வந்திருக்கிறது.

ஆக, அலகு சேர்ந்துவிட்டது. எல்லையும் ஒருவாறு சேர்ந்து வருகிறது. சட்டத்தின் பட்டியலில் காலத்துக்கு மட்டும் தனி இடம் இல்லை. என் முதன்மையான குறைபாடு இதுவே.

காலம் ஏன் தனித்தன்மை உடையது?

சம்பளப் பட்டியல் போடும் கணிப்பொறி ஒரு வினாடி தாமதித்தாலும் விடை மாறாது. விமானத்தின் இறக்கையை அசைக்கும் கணிப்பொறி அப்படியன்று. கணக்கீடும் பௌதிக உலகமும் பிணைந்த இத்தகைய ஏற்பாடுகளை 2006-ஆம் ஆண்டளவிலிருந்து 'கணிப்பொறி-பௌதிக அமைப்புகள்' என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். இவற்றில் தாமதித்து வரும் சரியான விடையும் தவறான விடையே.

வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தில், பழையதைவிடத் துல்லியமான, ஆனால் 50 மில்லிவினாடி மெதுவான ஒரு புதிய பகுதியைச் செருகுவதாகக் கொள்வோம். அதன் விடை வருவதற்குள் விமானம் 15 மீட்டர் நகர்ந்திருக்கும். பின்னூட்டத்தில் இது இன்னும் விபரீதமானது. ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போது எதிர்த்துத் தள்ளினால் அலைவு குறையும். அதே தள்ளலைக் கால் அலைவு நேரம் போல் தாமதித்துக் கொடுத்துக் கொண்டே இருந்தால் அலைவு குறையாது. அரை அலைவு நேரம் தாமதித்தாலோ அலைவு பெருகும். விசை அதுவே, அலகு அதுவே. காலம் மட்டுமே பிழை.

கணிப்பொறியின் நேரத்தைக் கூறுபோட்டு ஒவ்வொரு நிரலுக்கும் அதன் பங்கை உறுதி செய்யும் ஏரிங்க்-653 போன்ற தரங்கள் உள்ளன என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஆனால் அவை ஒரு கணிப்பொறிக்குள் அண்டை நிரல் குறுக்கிடாமல் காக்கின்றன. உணர்கருவியிலிருந்து இறக்கை வரை செல்லும் முழுப் பாதையின் தாமதத்தை அவை மட்டுமே உறுதி செய்துவிட முடியாது. அது ஒரு பகுதியின் பண்பன்று. முழு அமைப்பின் பண்பு. ஆகவே ஒரு பகுதியை மாற்றும்போதெல்லாம் முழுமையும் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். இச்சோதனைக்கான செலவையும் நாள்களையும் கழித்த பிறகே திறந்த முறையால் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியும்.

முடிவாக

இதனால் மூடிய முறைக்கே திரும்ப வேண்டும் என்பதில்லை. மூடிய பெட்டிக்குள்ளும் இதே பிழைகள் இருக்கும். வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது என்பதே வேறுபாடு. ஏரியன் விபத்தின் விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளிப்படையாக வைத்ததால்தான் உலகெங்கும் உள்ள மாணவர்கள் அதிலிருந்து கற்க முடிந்தது. திறந்து வைப்பதன் உண்மையான பயன் இதுவே எனலாம்.

எனவே இடைமுக ஆவணம் ஒவ்வொன்றிலும் நான்கு வினாக்களுக்கு விடை இருக்க வேண்டும். இந்த எண்ணின் அலகு என்ன? எந்த எல்லைக்குள் இது செல்லும்? எவ்வளவு நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்? வராவிட்டால் எதிர்ப்புறம் என்ன செய்ய வேண்டும்? இவற்றை எழுதாமல் 'செருகினால் இயங்கும்' என்று சொல்வது ஹோல்டரின் வடிவத்தை மட்டும் பார்த்துப் பல்பு வாங்குவதாகும். பல்பு கருகினால் சில ரூபாய் நட்டம். தஹ்ரானில் கடிகாரத்தின் பிழைக்கு 28 உயிர்கள் பலியாயின.